வழி சொன்ன கை

ஈப்போவிலிருந்து கோப்பெங் போகும் பஸ்ஸில், என் முன் சீட்டில் ஒரு புருஷனும் பெண்சாதியும். இவர்கள் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் கோப்பெங்கில் வீடு தெரியாமல் சுற்றுகிறார்களாம்; பஸ் தாமதமானதால் இவர்களே இன்னும் வீடு போய்ச் சேரவில்லை. ராகு காலம் வேறு நெருங்குகிறது. அவர் போனில் வழி சொல்லிக்கொண்டே கையை ஆட்டினார்.

“போன்ல உங்க கை தெரியுமா?” என்றாள் அவள்.

“ஆட்டலன்னா எனக்கே ரோடு ஞாபகம் வராது லா.”

பிறகு போனில், “கோயில் தாண்டி ரோடு பிரியுற சிம்பாங்ல இடது பக்கம் திரும்புங்க” என்றார். கை வலது பக்கம் போனது.

அவள் போனைப் பிடுங்கினாள். “அண்ணே, வலது பக்கம் வாங்க. அவரு வாய்தான் தப்பா சொல்லுது, கை சரியாத்தான் காட்டுது.”

கொஞ்ச நேரத்தில், வீட்டைக் கண்டுபிடித்துவிட்டதாகப் போனில் சொன்னார்கள்.

அவள் நிம்மதியாக மூச்சு விட்டாள். “வீட்டுக்குப் போனதும் சம்பந்தம் நான் பேசுறேன். நீங்க கையை மட்டும் ஆட்டுங்க.”