முலாம் தொட்டித் தண்ணீரும் தையல்நாயகியின் நான்கு மாடுகளும்

என் பெயர் ஜாஸ்லின். வயது 28. தகப்பனார் பெயர் அமலநாதன். புதுச்சேரி நெல்லித்தோப்பு, மூன்றாவது குறுக்குத் தெரு, 14ஆம் எண் வீட்டில் அப்பா, அம்மா ரோசா, தம்பி நெல்சன், அவன் மனைவி ஆகியோருடன் சென்ற வாரம் வரை குடியிருந்தேன். திருமணம் ஆகவில்லை. வேதியியலில் பட்டம் பெற்றிருக்கிறேன். சேதராப்பட்டில் இரும்புச் சாமான்களுக்கு முலாம் பூசும் தனியார் கம்பெனி ஒன்றில் 2022 ஜூன் முதல் ஆய்வகப் பணியாளராக இருந்தேன். இன்று 24.11.2025 காலை நீதித்துறை நடுவர் அவர்கள் முன் ஆஜரானேன். நான் எதையும் சொல்லியே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்றும், சொன்னால் அது எனக்கே எதிராகப் பயன்படலாம் என்றும் நடுவர் விளக்கிச் சொல்லி, யோசிக்க மதியம் வரை நேரம் தந்தார். யோசித்தேன். சொல்கிறேன். அறையில் போலீசார் யாரும் இல்லை.

நான் இறைச்சி, மீன், முட்டை, பால், தயிர், தேன் எதுவும் சாப்பிடுவதில்லை. தோல் செருப்பும் போடுவதில்லை. கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது எங்களைக் கோழிக்குஞ்சு பொரிக்கும் பண்ணை ஒன்றுக்குக் கூட்டிப்போனார்கள். அது முட்டைக் கோழி ரகம் என்பதால் அங்கே சேவல் குஞ்சு தேவைப்படாது. ஒரு பெண் குஞ்சுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, சேவலாக இருந்தால் பக்கத்தில் இருந்த நீலநிற பீப்பாயில் போட்டார். பீப்பாய் நிறைந்ததும் மூடியைப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து டீ குடித்தார். உள்ளே சத்தம் நிற்கவில்லை. அந்த வாரத்திலிருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். இதனால் வீட்டில் ஒன்பது வருடமாகச் சண்டை உண்டு. சென்ற ஜனவரியில் நெல்சன் கல்யாணத்துக்கு நான் பட்டுப் புடவை கட்ட மறுத்ததால் அம்மா என்னோடு ஒரு மாதம் பேசவில்லை. இந்த வழக்குக்கு இது எதற்கு என்று கேட்கலாம். என்னைத் தெரிந்தவர்கள் எல்லோரும் என்னை இப்படித்தான் தெரிந்து வைத்திருந்தார்கள் என்பதால் சொல்கிறேன்.

கம்பெனியில் முலாம் தொட்டிகளில் சயனைடு கலந்த கரைசல் பயன்படுத்துகிறார்கள். அந்தக் கழிவுநீரை வேறு தொட்டியில் சுத்தம் செய்த பிறகே வெளியே விடவேண்டும். விடும் முன் அந்த நீரைச் சோதித்துப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவது என் வேலை. 2023இல் நான் சொல்லித்தான் நெல்சனுக்கு அதே கம்பெனியில் கழிவுநீர்த் தொட்டிப் பிரிவில் வேலை கிடைத்தது. வால்வுகளைத் திறப்பதும் மூடுவதும் அவன் பொறுப்பு. எங்கள் இருவருக்கும் மேலே மேலாளர் நிர்மலா இருந்தார். அவர் என்னை மரியாதையாக நடத்தினார். எனக்காகத் தினமும் பால் இல்லாத டீ தனியாகப் போடச் சொல்லியிருந்தார்.

கம்பெனிக்குப் பின்னால் ஒரு வாய்க்கால் ஓடுகிறது. அதன் ஓரத்தில் தையல்நாயகி என்ற அம்மாள், வயது சுமார் 55, மூன்று கறவை மாடுகளும் இன்னும் ஈனாத ஒரு கிடேரியும் ஒரு கன்றும் வைத்துப் பிழைத்துவந்தார். பஸ்ஸுக்கு நிற்கும்போது பழக்கமானோம். ஒருநாள் மோர் கொடுத்தார். நான் வேண்டாம் என்று காரணத்தைச் சொன்னதும் சிரித்து, "கன்னுக்கு ரெண்டு காம்பு வுட்டுட்டுதாம்மா நான் கறக்கறேன், நீ வேணா வந்து பாரு" என்றார். நான் போய்ப் பார்த்தேன். அவர் சொன்னது உண்மை. அதன் பிறகு என் டிபன் பாக்ஸில் மிஞ்சும் வாழைப்பழத் தோலைக் கன்றுக்குப் போடுவது வழக்கமானது.

ஆகஸ்ட் மாதம் சுத்தம் செய்யும் தொட்டியின் பம்பு பழுதானது. மாற்றுச் சாமான் வரும்வரை வேலையை நிறுத்த முடியாது என்று நிர்மலா சொல்லி, கழிவுநீரை ஒரு பெரிய குழியில் தேக்கி வைத்தார். பதிவேட்டை மட்டும் வழக்கம்போல் எழுதச் சொன்னார். வெளியே எதுவும் போகவில்லையே என்று நினைத்து, சோதிக்காமலே பழைய அளவுகளை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஏறக்குறைய மூன்று மாதம் அப்படி எழுதினேன்.

11.11.2025 செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து பலத்த மழை. மதியம் இரண்டு மணிக்குக் குழி நிரம்பி விளிம்புக்கு வந்துவிட்டது. நிர்மலா ஆய்வகத்துக்கு வந்து, வாய்க்கால் பக்கத்து வால்வைத் திறக்கப்போவதாகச் சொன்னார். நான், "மேடம், அந்தத் தண்ணிய மாடு குடிக்கும்" என்றேன். அதற்கு அவர், "இந்த மழையில எந்த மாடு ஜாஸ்லின் வெளிய வரும்? ரெண்டு மணி நேரத்துல எல்லாம் அடிச்சுக்கிட்டுப் போயிடும்" என்று சொல்லிவிட்டுப் பதிவேட்டை என் முன்னால் வைத்தார். நான் கையெழுத்துப் போட்டேன். அதன் பிறகு நெல்சன் வால்வைத் திறந்தான். நான்கு மணிக்கு மழை விட்டது. வால்வு ஐந்தரைக்குத்தான் மூடப்பட்டது.

மறுநாள் காலை எட்டரை மணிக்கு நான் பஸ்ஸிலிருந்து இறங்கியபோது வாய்க்கால் ஓரம் கூட்டமாக இருந்தது. மேயப்போன நான்கு மாடுகளும் நூறடி தூரத்துக்குள் விழுந்து கிடந்தன. ஒன்று மட்டும் அப்போதும் காலை உதைத்துக்கொண்டிருந்தது. கால்நடை மருத்துவர் வருவதற்குள் அதுவும் அடங்கிவிட்டது. கன்றைக் கொட்டகையிலேயே கட்டிப்போட்டிருந்ததால் அது பிழைத்தது. அது விடாமல் கத்தியது. நான் கம்பெனிக்குப் போகாமல் கடைக்குப் போய் இரண்டு பால் பாக்கெட்டும் ரப்பர் வைத்த பாட்டிலும் வாங்கிவந்து, பாலைச் சுடவைத்து ஆற்றிக் கன்றுக்குக் கொடுத்தேன். ஒன்பது வருடத்தில் நான் பால் வாங்கியது அன்றைக்குத்தான். கன்று பாட்டிலை முட்டி முட்டிக் குடித்தது. தையல்நாயகி என் எதிரில் வந்து உட்கார்ந்து, "நீ தண்ணி பாக்கற வேலதானே செய்யற. நேத்து என்னாத்தம்மா வுட்டாங்க?" என்று கேட்டார். நான், "தெரியலம்மா" என்று சொன்னேன். அவர் அதை நம்பினார்.

மருத்துவர் விஷம் என்று சொன்னார். பக்கத்துக் கொல்லையில் கத்தரி பயிரிடும் கண்ணையன், மாடுகள் செடியை மேய்ந்ததற்காக முந்தைய வாரம் தெருவில் நின்று, இன்னொரு முறை வந்தால் உயிரோடு திரும்பாது என்று பலர் கேட்கச் சத்தம் போட்டிருந்தார். அவர் கொல்லையில் பூச்சிமருந்து டப்பாக்களும் இருந்தன. 13ஆம் தேதி காலை அவரைக் கைது செய்தார்கள்.

அன்று மதியம் நிர்மலா என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். கண்ணையன் நிரபராதி என்று போலீசில் சொல்லப்போவதாகச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "சொல்லு. வால்வத் தொறந்தது யாரு? உன் தம்பி. தண்ணி நல்லாருக்குன்னு கையெழுத்து போட்டது யாரு? நீ. என் பேரு எந்தப் பேப்பர்ல இருக்கு? உங்க ரெண்டு பேரையும் காப்பாத்தத்தான் சொல்றேன், சும்மா இரு" என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. வெளியே வந்தபோது என் மேசைமேல் எனக்கான டீ இருந்தது.

அன்று மாலை வீட்டில் எல்லோர் முன்னிலையிலும் நடந்ததைச் சொன்னேன். நெல்சன் மனைவி ஏழு மாத கர்ப்பம். அப்பா, "யாரோ ஒரு கண்ணையனுக்காக நம்ம வீட்டுப் புள்ளைய உள்ள அனுப்புவியா" என்று கேட்டார். நெல்சன், "கோழிக்குஞ்சுக்கு அழுத. மாட்டுக்கு அழுவுற. நான் யாருக்கா உனக்கு?" என்றான். அதன் பிறகு அப்பா என் செல்போனை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டினார். எனக்குக் காய்ச்சல் என்று கம்பெனிக்குத் தகவல் சொன்னார்கள். 14, 15 ஆகிய இரண்டு நாளும் என்னை வெளியே விடவில்லை. அடிக்கவில்லை. திட்டவில்லை. அம்மா எனக்குப் பிடித்த சுண்டைக்காய்க் குழம்பு வைத்தார். நான் குளிக்கப் போனால் குளியலறைக் கதவுக்கு வெளியே முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுச் சுவர் ஒரு முழ தூரத்தில் இருக்கிறது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பேசினால் தம்பி உள்ளே போவான், பேசாவிட்டால் கண்ணையன் உள்ளே இருப்பார் என்பதற்கு மேல் எதுவும் யோசிக்க முடியவில்லை. நானே வால்வைத் திறந்ததாகச் சொல்லிவிடலாமா என்றும் யோசித்தேன். ஆனால் நெல்சன் திறந்ததை அன்று வேலையில் இருந்த ஆறு பேர் பார்த்திருக்கிறார்கள்.

16ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்கு என்னையும் கூட்டிப்போய், அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் உட்காரவைத்தார்கள். பாதிரியார் கையால் நன்மை அப்பம் வாங்க எல்லோரும் எழுந்து வரிசையில் நின்றபோது நானும் நின்றேன். அம்மா எனக்கு முன்னால் இருந்தார். அவர் கைகூப்பிப் பீடத்தைப் பார்த்திருந்த நேரத்தில் நான் பக்கவாட்டு வாசல் வழியாக வெளியேறினேன். செருப்பு முன்வாசலில் இருந்ததால் வெறுங்காலோடு நடந்து, காணிக்கைக்காக அம்மா கொடுத்த ஐம்பது ரூபாயில் பஸ் ஏறிச் சேதராப்பட்டு போனேன்.

தையல்நாயகி கொட்டகையைக் கழுவிக்கொண்டிருந்தார். நடந்தது முழுவதையும், அன்று தெரியாது என்று நான் சொன்னது பொய் என்பதையும் சொன்னேன். அவர் துடைப்பத்தைக் கீழே வைக்காமலே கேட்டார். பிறகு, "அன்னைக்கே ஒரு வார்த்த சொல்லியிருந்தா, கண்ணையன் வீட்டு வாசல்ல போய் மண்ண வாரித் தூத்தியிருக்க மாட்டேனே. அவன் பொண்டாட்டி பாத்துக்கிட்டு நின்னா" என்றார். பின்பு கை கால் கழுவிக்கொண்டு என்னோடு காவல் நிலையத்துக்கு வந்தார். நான் தெருவில் வெறுங்காலோடு நடப்பதைப் பார்த்துத் தன் ரப்பர் செருப்பைக் கழற்றி என் முன்னால் தள்ளினார். நான் போட்டுக்கொள்ளவில்லை. அவரும் போட்டுக்கொள்ளவில்லை. செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு வந்தார்.

பதிவேட்டையும் வால்வையும் பற்றி அன்றே நிலையத்தில் எழுதிக் கொடுத்தேன். 17ஆம் தேதி நெல்சன் அப்பாவோடு வந்து ஆஜரானான். வால்வைத் திறக்கச் சொன்னது நிர்மலாதான் என்று அவனும் சொல்லியிருப்பதாக அறிகிறேன். 20ஆம் தேதி கண்ணையன் வெளியே வந்தார். நான் இப்போது ஒரு பெண்கள் விடுதியில் இருக்கிறேன். வீட்டிலிருந்து யாரும் என்னோடு பேசவில்லை.

வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று நடுவர் கேட்டார். உண்டு. இதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. 11ஆம் தேதி மதியம் நான் கையெழுத்துப் போட்ட பிறகு, நெல்சன் மழையில் நனைந்தபடி ஆய்வக வாசலுக்கு வந்தான். "அக்கா, வால்வு சக்கரம் வழுக்குது, திருப்ப முடியல" என்றான். அப்படியே நின்றான். வேண்டாம்டா, விட்டுவிடு என்று நான் சொல்வேன் என்று எதிர்பார்த்து நின்றானா என்று இப்போது நினைக்கிறேன். நான் கை துடைக்கும் துண்டை எடுத்து அவனிடம் கொடுத்தேன். அவன் அதைச் சக்கரத்தில் சுற்றித் திருப்பியதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நெல்சன் போலீசில் கொடுத்த வாக்குமூலத்தை என் வக்கீல் படித்துக் காட்டினார். துண்டை யார் கொடுத்தது என்று கேட்டதற்கு, அங்கேயே கிடந்தது என்று சொல்லியிருக்கிறான். அங்கே கிடக்கவில்லை. நான்தான் கொடுத்தேன்.

நான் சொன்னதை எழுதியபடியே எனக்கு வாசித்துக் காட்டினார்கள். கூட்டவோ குறைக்கவோ எதுவும் இல்லை. யாருடைய தூண்டுதலும் மிரட்டலும் இல்லாமல், நடந்தது நடந்தபடி சொல்லி, ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) அ. ஜாஸ்லின்
24.11.2025, புதுச்சேரி