முப்பத்தெட்டு நாள்

பயப்படாதேன்னு சொல்றது சுலபம்... பயப்படாம இருக்க முடியுதா? சின்னதா ஒரு கதை சொல்றேன், கேளுங்க.

சுந்தர்சிங்னு ஒரு பஸ் டிரைவர். அவர் மனைவி புஷ்பலீலா. பிறந்ததுலேருந்தே அந்தப் பொண்ணுக்குக் காது கேக்காது, பேச்சும் வராது. கைசாடைதான். அவங்களுக்கு ஏழு மாசத்துல ஒரு பிள்ளை... அபிஷா.

பிள்ளைக்குத் தலை நீளமா வளருதேன்னு ஆஸ்பத்திரியில காட்டினாங்க. டாக்டரம்மா ஸ்கேன் பார்த்துட்டுச் சொன்னாங்க: மண்டை ஓட்டு எலும்பு நேரத்துக்கு முன்னாடியே ஒட்டிக்கிடுச்சு, மூளை வளர இடம் வேணும், திறந்துதான் சரி பண்ணணும். முப்பத்தெட்டு நாள் கழிச்சு ஆபரேஷன்.

ஏழு மாசக் குழந்தைக்கு மண்டையைத் திறக்கணும்னா... பெத்தவளுக்கு எப்படி இருக்கும்? ரெண்டு நாள் அழுதா. சோறு இறங்கல. மூணாம் நாள் ஒரு நோட்டை எடுத்துக்கிட்டு மறுபடியும் டாக்டரம்மாகிட்ட போனா. எழுதிக் கேட்டா: "ஆபரேஷன் முடிஞ்சதும் என் பிள்ளை எப்படி இருக்கும்?"

டாக்டரம்மா எதையும் மறைக்கல. முகம் வீங்கும், ரெண்டு கண்ணும் மூடிக்கிடும், மூணு நாளைக்குப் பிள்ளையால யாரையும் பார்க்க முடியாது, உடனே தூக்கவும் விடமாட்டோம். அம்மா குரல் கேட்டா அடங்கும்னு எழுத வந்தவங்க... பேனாவை நிறுத்திட்டாங்க.

இவகிட்ட குரல் இல்லையே?

ஆபரேஷனுக்கு அப்புறம் உள்ளே ஒரு ஆளைத்தான் விடுவாங்களாம். சுந்தர்சிங்கோட அக்கா, தம்பியே போகட்டும், பிள்ளை அழுதா உனக்குக் கேக்கக்கூட கேக்காதேன்னு சாடையில சொன்னாங்க. அக்கறையிலதான் சொன்னாங்க. புஷ்பலீலா எழுதிக் காட்டினா: "இன்னும் முப்பத்தஞ்சு நாள் இருக்கு. நான்தான் போவேன்."

அன்னிக்கே ஆரம்பிச்சா. ஒவ்வொரு தடவை பால் குடுக்கும்போதும் முந்தானையால பிள்ளை கண்ணை மறைப்பா. இடது பாதத்துல கட்டைவிரலை வச்சு மூணு தடவை அழுத்துவா. அப்புறம்தான் பால். மொத வாரம் பிள்ளை துணியை இழுத்துப் போட்டு வீறிட்டுச்சு. இவ விடல. மூணாவது வாரம்... பாதத்துல விரல் பட்டதும், கண் மூடியிருக்கும்போதே அம்மா பக்கம் வாயைத் திருப்புச்சு. சுந்தர்சிங் அதைப் பார்த்தார். மறுநாளே டிப்போவுக்குப் போய் ஆபரேஷனுக்கு ரத்தம் குடுக்க ஆள் சேர்க்க ஆரம்பிச்சுட்டார்.

அந்த நாளும் வந்துச்சு. ஆறு மணி நேரம் ஆபரேஷன். புஷ்பலீலாதான் உள்ளே போனா... பிள்ளை முகம் அடையாளமே தெரியல. கட்டில் கம்பியைப் பிடிச்சுக்கிட்டா. பிள்ளை பாதத்தை அழுத்தினா. அழுகை நிக்கல. மறுபடியும் அழுத்தினா... நிக்கல. அப்பாவைக் கூப்பிடட்டுமான்னு நர்ஸ் சாடை காட்டினாங்க. வேண்டாம்னு தலையாட்டிட்டு, ஒரு கையைப் பிள்ளை நெஞ்சுல வச்சா. பிள்ளை அழறது அவளுக்குக் கையிலதானே தெரியும்! இன்னொரு கை பாதத்துல. ஒரு மணி நேரம்... அந்த இடத்தை விட்டு அசையல. மெல்ல மெல்ல விம்மல் அடங்குச்சு. வாய் அவ பக்கம் திரும்புச்சு.

நாலாம் நாள் கண் திறந்துச்சு. இன்னிக்கு அபிஷா ஒண்ணாம் வகுப்பு படிக்கிறா.

இப்ப சொல்லுங்க... புஷ்பலீலா பயப்படலையா? நடுங்கிப் போனா. ஆனா தன் பயத்துக்கு நேரா போய், "நீ எப்படி இருப்பே"ன்னு கேட்டா. கேட்டதுனாலதான் என்ன செய்யணும்னு தெரிஞ்சுது. நம்மள்ல எத்தனை பேர் கேக்குறோம்? டாக்டர் சீட்டை மடிச்சுப் பைக்குள்ள வச்சுக்கிட்டு, அந்தத் தேதி வர்ற வரைக்கும் அழுதுகிட்டே இருக்கோமே... அத்தனை நாளும் ஆண்டவர் நம்ம கையில குடுத்ததுதானே?

முழங்கால்ல நின்னு ஜெபம் பண்ணுங்க. நல்லா அழுது ஜெபம் பண்ணுங்க. ஆனா எந்திரிக்கும்போது... ஒரு வேலையோட எந்திரிங்க.