அரிசி களைந்த தண்ணீரில் பூத்த கனகாம்பரம்

இந்தக் கூட்டத்துக்குத் தலைமையேற்றிருக்கும் ஓய்வுபெற்ற அஞ்சலக அதிகாரி சங்கரபாண்டி அண்ணாச்சி அவர்களே, மேடையிலுள்ள பெரியோர்களே, கைவேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கும் சங்கரன்கோவில் தாய்மார்களே, வணக்கம்.

நம் மாதர் மன்றச் செயலாளர், அஞ்சலக எழுத்தர் வேதமணி அம்மாள் மறைந்து ஒன்பது நாள் ஆகிறது. துணைச் செயலாளர் ஞானரத்தினமாகிய நான் அவரைப் புகழ்ந்து பேசத்தான் எழுந்தேன். ஆனால் எனக்கு ஒரு பயம் இருக்கிறது. ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

மாசி, பங்குனி மாலைகளில் நம் மன்றத்தில் என்ன நடக்கும்? ஐந்து மணிக்கு அம்மாள் அஞ்சலகத்திலிருந்து நேரே வருவார். முதலில் செடிகளுக்குத் தண்ணீர். பிறகு வேப்பம்பூ உதிரும் முற்றத்தில் நாம் ஒயர் கூடை பின்னுவோம். அவர் நாவலை உரக்கப் படிப்பார். கதாநாயகி கடிதத்தைப் பிரிக்கும் இடமாகப் பார்த்து நிறுத்துவார்! "மிச்சம் நாளைக்கு" என்பார். நாம் சண்டை பிடிப்போம். எத்தனை சின்ன சந்தோஷம்! நம் வீடுகளில் யாராவது நமக்கு அதைத் தந்தார்களா?

போன பங்குனியில், எண்பத்து மூன்றாம் ஆண்டு வறட்சியில், மன்றக் கிணறு வற்றியது. நம் உறுப்பினர் மாடத்தி எழுந்து கேட்டார்: "குடிக்கவே தண்ணி இல்ல. பூச்செடிக்கு எதுக்குக்கா?" நியாயமான கேள்வி. அம்மாள் கோபப்படவில்லை. "நல்ல தண்ணிய ஊத்தச் சொல்லல மாடத்தி. அரிசி களைஞ்ச தண்ணிய வீட்டுக்கு ஒரு செம்பு கொண்டாங்க, போதும்" என்றார்.

அப்போது, நம் எல்லோருக்கும் தங்கை போன்ற கோமதித்தாய் கணவனை இழந்து எட்டு மாதம். வாசற்படி தாண்டியதில்லை. அவள் வீட்டுத் தண்ணீரை வாங்க அம்மாளே தினமும் போனார். ஒரு வாரம் கழித்து, நானும் கூட நிற்கையில் அவளிடம் சொன்னார்: "ஏட்டி, நாளைக்கு எனக்கு வேல கெடக்கு. நீயே கொண்டாந்துரு."

மறுநாள் ஐந்தரை ஆயிற்று. அவள் வரவில்லை. ஆறு ஆயிற்று. அம்மாள் படித்த பக்கத்தையே மறுபடி படிக்கிறார். ஆறேகாலுக்கு வாசலில் கோமதித்தாய், கையில் செம்பு!

"எந்தச் செடிக்குக்கா ஊத்தணும்?"

அம்மாள் கனகாம்பரத்தைக் காட்டினார். அது பூத்தது. அவள் தன் முதல் கூடையைப் பின்னி முடிப்பதற்குள் அவள் சிரித்ததையும் பார்த்துவிட்டோம்.

இன்று எனக்கு என்ன பயம்? அம்மாள் நெஞ்சுவலியில் போன நாளிலிருந்து கோமதித்தாய் வீட்டுக் கதவு மறுபடி சாத்திக் கிடக்கிறது. நேற்றுத் தட்டினேன். உள்ளேயிருந்தே குரல் வந்தது: "அக்கா இல்லாத எடத்துக்கு நா எதுக்கு வரணும்? நீங்க போங்க."

இந்தக் கூட்டத்துக்கும் அவள் வரவில்லை. பேசிக்கொண்டே நான்கு முறை வாசலைப் பார்த்துவிட்டேன். வேதமணி அம்மாளுக்குப் படம் திறக்கலாம், மாலை போடலாம். அந்தப் பெண் மறுபடி இருட்டுக்குள் போய்விட்டால், அந்தப் படத்தை நான் எந்த முகத்தோடு பார்ப்பேன்?

ஆகவே, இந்தச் சபை முன் உறுதி சொல்கிறேன். நாளை மாலை நம் மன்றம் கோமதித்தாய் வீட்டு வாசலில் கூடும். பாயும் ஒயரும் எடுத்துப் போவோம். நான் படிப்பேன். அம்மாளைப் போல எனக்குப் படிக்க வராது, நாக்குத் திக்கும். திக்கினாலும் உரக்கப் படிப்பேன். கதவு திறக்காவிட்டால் மறுநாளும் போவோம். அதற்கு மறுநாளும் போவோம்.

தனியாகப் போய் நிற்க எனக்குத் தைரியமில்லை, தாய்மார்களே. யார் யார் வருகிறீர்கள்? இப்போதே கையைத் தூக்குங்கள்.