செவ்வாய்க்கிழமை சொன்ன பதில்

“ஹலோ... ஆமா தம்பி, டாக்டர்தான்... இல்ல, இது என் சொந்த நம்பர்... வச்சிடாதீங்க.”

பிரசவ வார்டை ஒட்டிய அறையில் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார் டாக்டரம்மா. மறுமுனையில் இருந்தவர் டைல்ஸ் ஒட்டுகிறவர். அவருடைய மனைவிக்கு ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தவர் இவர்தான். தாயும் பிள்ளையும் நலமாக வீட்டுக்குப் போனார்கள். பதினோராம் நாள், ஒரு வியாழக்கிழமை, திடீரென்று ரத்தம் கொட்டியது. ஸ்கேனில் காரணம் தெரிந்தது. அதைச் சரிசெய்வதற்குள் அவள் போய்விட்டாள். அது நடந்து ஒரு வாரம் ஆகிறது.

“அன்னிக்கு உங்களுக்கு எதையும் விளக்கமா சொல்லல. அதான் கூப்பிட்டேன்... ஆமா... குழந்தையோட தலை ரொம்பக் கீழ இறங்கியிருந்துச்சு. எடுக்கறப்போ கர்ப்பப்பை ஓரத்துல கிழிஞ்சுது. அங்க கூடுதலா ஒரு தையல் போட்டேன். ஊசி ரத்தக்குழாய்ல பட்டிருக்கு... இல்ல, அப்போ தெரியல. கசிஞ்ச ரத்தம் குழாய்க்கு வெளிய ஒரு பை மாதிரி தேங்கி நின்னுச்சு. அதுதான் உடைஞ்சது... ஆமா... ஆமா... அவ தண்ணி வாளி தூக்கினதாலயா? இல்ல தம்பி. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல.”

அந்த மனிதர் சுற்றிச் சுற்றி, ரத்தம் கொட்டியதற்கு இரண்டு நாள் முந்தைய செவ்வாய்க்கிழமைக்கே வந்தார். அன்றுதான் முதலில் ரத்தம் பட்டது. அன்றே அவளைத் தூக்கிக்கொண்டு ஓடிவராமல் வேலைக்குப் போனேனே என்று தன்னையே நொந்துகொண்டார். வாயைத் திறக்க வேண்டாம் என்று டாக்டரம்மாவிடம் ஆஸ்பத்திரி நிர்வாகத்தில் சொல்லியிருந்தார்கள். இப்போது பேசாமல் இருந்துவிட்டால் பழி அந்த மனிதர் தலையிலேயே நின்றுவிடும்.

“நீங்க சும்மா இருக்கல தம்பி. அன்னிக்கே வார்டுக்குப் போன் பண்ணீங்க. நான் ஆபரேஷன்ல இருந்தேன். நர்ஸ் வந்து என்கிட்ட கேட்டாங்க. ‘இந்த நாள்ல அப்படித்தான் படும், படுத்திருக்கச் சொல்லு’ன்னேன். திரும்பிக்கூடப் பாக்கல... இல்ல, நர்ஸ் சொன்னதில்ல. அது என் பதில்.”

டாக்டரம்மா போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

“...இருக்கேன், சொல்லுங்க... ஆமா. அன்னிக்கே வந்திருந்தா ஸ்கேன்ல தெரிஞ்சிருக்கும். தொடை வழியா மெல்லிசா ஒரு குழாய விட்டு அந்த ஓட்டைய அடைச்சிருக்கலாம்... ஆமா... பெரும்பாலும் பிழைச்சிருப்பா... எழுதியும் தரேன். கையெழுத்துப் போட்டே தரேன்... யாருகிட்ட காட்டணும்?... உங்க மாமியாரா?... உங்களையா சொல்றாங்க?”

டாக்டரம்மா கண்ணை மூடிக்கொண்டார். மகளைக் கொன்றவன் என்று அந்த அம்மாள் மருமகனோடு பேச்சையே விட்டிருந்தார். குழந்தையையும் மருமகன் தொடக் கூடாதாம்.

“குடுங்க. நானே சொல்றேன்.”

போன் கைமாறியது.

“அம்மா... டாக்டர் பேசறேன்... ஆமா, உங்க பொண்ணுக்கு ஆபரேஷன் பண்ணவதான்... பேசுங்கம்மா, கேக்கறேன்... உங்க மருமகன் அன்னிக்கே கேட்டாரும்மா. வர வேண்டாம்னது நான்... ஆமா, நான்தான்... குழந்தைய அவருகிட்ட குடுங்கம்மா... அம்மா?... அம்மா?”

இணைப்பு அறுந்துவிட்டது.