இரைச்சல் இல்லாத ஆம்ப்ளிஃபயர்

எனக்கு இட்லி என்றால் உயிர், இன்ஸ்பெக்டர் ஐயா. கிரைண்டர் மேல் எனக்கு விரோதம் என்று நாளைக்கு யாரும் எழுதிவிடக் கூடாது. அதனால் இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன்.

என் பெயர் திருமலைசாமி. கணபதியில் பம்ப்செட் மோட்டார் செய்கிறேன். ஆறு நாளும் பட்டறைச் சத்தம். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் சங்கீதம். அதற்கென்று வீட்டில் ஓர் அறை, அறையில் ஒரு ரெக்கார்டு பிளேயர், அதோடு ஐந்து பெட்டிகள். சத்தத்தைச் சீர்செய்ய ஒன்று, இடது ஸ்பீக்கருக்குப் பெருக்கித் தர ஒன்று, வலதுக்கு ஒன்று, ரேடியோ, கேசட். எல்லாம் ஒரே பெட்டிக்குள் அடங்கிய ஆம்ப்ளிஃபயரும் கடையில் கிடைக்கும். அது கூட்டுக்குடும்பம், ஒருவர் பேச்சு மற்றவர் காதில் விழுந்துகொண்டே இருக்கும். எதுவும் தனித்தனியாக இருந்தால்தான் மரியாதை என்பது என் கட்சி. வேலைக்கு வரும் சின்னத்தாயிக்குக்கூட எங்கள் வீட்டில் தனி டம்ளர்தான். அவள் ஒரு நாளும் அதைக் குறையாகச் சொன்னதில்லை.

இந்த 1994 தை மாதத்தில் ஸ்பீக்கரில் ஓர் இரைச்சல் வந்தது. சின்னத்தாயி கிரைண்டரைப் போட்டால் வரும், நிறுத்தினால் போய்விடும். வீட்டுக்கு வயரிங் செய்த உமர் பாரூக்கைக் கூப்பிட்டேன். அரை மணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டார்.

"கிரைண்டர் மோட்டார்ல கரண்டு கசியுதுங்க சார். எர்த் ஒயரு அதை மண்ணுக்கு இழுத்துக்கறதால ஆளுக்கு ஒண்ணும் ஆகறதில்லீங்க. உங்க அஞ்சு பொட்டிக்கும் அதே எர்த்துதானே, அதான் இரையுது."

"ஏனுங்க பாய், என்ற பொட்டிகளுக்குத் தனியா ஒரு மண்ணு பாத்துக் குடுங்களேன்" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். "எங்க தோண்டுனாலும் மண்ணு ஒண்ணுதானுங்க சார். மோட்டாருக்குப் புதுசாக் காயில் கட்டிப்போடுங்க. இல்லீன்னா எல்லாம் ஒண்ணா இருக்கற ஆம்ப்ளிஃபயர் வாங்கிப்போடுங்க. ரெண்டு பின்னு பிளக்குதான், எர்த்தே வேண்டாமுங்க."

மோட்டாருக்குள் செப்புக் கம்பியைச் சுற்றிக் காயில் கட்டுவது என் தொழில். ஆனால் கிரைண்டர் நாலு நாள் பட்டறையில் கிடக்கும், மாவுக்கு எங்கே போவது என்று என் மனைவி பங்காரம்மா கேட்டாள். இட்லியைப் பற்றித்தான் முன்பே சொன்னேனே. ஒற்றைப் பெட்டி வாங்குவதற்கு என் மனம் ஒப்பவில்லை.

அதனால் கிரைண்டரின் எர்த் ஒயரை மட்டும் நான் உட்காரும் நாற்காலிப் பக்கம் கொண்டுவந்து ஒரு சுவிட்ச் வைத்தேன். எர்த்தில் சுவிட்ச் வைக்கிற பாவத்தைச் செய்யமாட்டேன் என்று உமர் பாரூக் கையைக் கழுவிக்கொண்டார். நானே வைத்தேன். இசைத்தட்டு ஓடும்போது அணைப்பேன், இரைச்சல் நின்றுவிடும்; முடிந்ததும் போட்டுவிடுவேன். ஒரு நாளும் மறந்ததில்லை. என்னைக் கவனமில்லாதவன் என்று யாரும் சொல்ல முடியாது.

மூன்றாவது ஞாயிறு சின்னத்தாயி வந்து நின்றாள். "மொதலாளி, கல்லைத் தொட்டா கை ஜிவ்வுன்னு இழுக்குதுங்க."

அன்றைக்கே அவளுக்கு ரப்பர் செருப்பு வாங்கிக் கொடுத்தேன். சாமி படம் இருக்கிற சமையலறைக்குள் செருப்புக் கூடாது என்பது பங்காரம்மா போட்ட விதி. விதி எனக்கும் தெரியும். இருந்தாலும், வாங்கிக் கொடுத்துவிட்டோம் என்று மனதுக்கு நிறைவாக இருந்தது.

அதற்கடுத்த ஞாயிறு பங்காரம்மா கல்யாணத்துக்குப் பொள்ளாச்சி போயிருந்தாள். நான் ஒரு வயலின் தட்டு போட்டேன். சபையில் பதிவானது, ரசிகர்களின் இருமல்கூடக் கேட்கும். ஆலாபனை மெலிந்து வரும் இடத்தில், இடது ஸ்பீக்கருக்குச் சற்றுப் பின்னால், ஒரு பெண் குரல் "அம்மா" என்றது. இருநூறு தடவை கேட்ட தட்டில் இதுவரை கேட்காத ரசிகை. பெட்டி தனித்தனியாக இருப்பதன் அருமை இதுதான் என்று பெருமைப்பட்டேன். அதே குரல் மறுபடியும் ஒரு முறை கேட்டது.

சமையலறையில் சின்னத்தாயி ஈரத் தரையில் உயிரில்லாமல் கிடந்தாள். புதுச் செருப்பு பின்வாசலில் ஜோடியாக இருந்தது. சுவிட்சைக் கழற்றி ஒயரைப் பழையபடி முடுக்கிவிட்டு, உங்களுக்கு நான்தான் போன் செய்தேன். நீங்கள் வயரிங் கோளாறு என்று எழுதி உமர் பாரூக்கைக் கூட்டிப்போனீர்கள். இருபது நாளாக அவர் உள்ளே இருக்கிறார். அவர் வேலையில் ஒரு குறையும் கிடையாது. நல்ல வேலையைப் பழித்தால் எனக்குப் பொறுக்காது, அதனால்தான் வந்தேன்.

இன்னொரு காரணமும் உண்டு. ஐந்து பெட்டிகளையும் கடையில் கொடுத்துவிட்டு அந்த ஒற்றை ஆம்ப்ளிஃபயரை வாங்கிவிட்டேன். உமர் பாரூக் சொன்னது சரி, இரைச்சலே இல்லை. நேற்று அதே தட்டைப் போட்டு அந்த இடத்தை ஏழு முறை கேட்டேன். ரசிகை இல்லை.

உண்மையைச் சொன்னால், அந்தச் சோதனை தேவையே இல்லை. அன்றைக்கு இரண்டாம் முறை அந்தக் குரல் "மொதலாளி" என்றது. சபைக்கு வந்தவர்கள் யாரும் என்னை அப்படிக் கூப்பிடமாட்டார்கள். தட்டு முடிய இன்னும் நாலு நிமிடம் இருந்தது. முடிந்தது. முள்ளை எடுத்து வைத்தேன், சுவிட்சைப் போட்டேன். ஸ்பீக்கரில் இரைச்சல் திரும்பி வந்ததைக் கேட்ட பிறகுதான் சமையலறைக்குப் போனேன்.