பன்னிரண்டாவது பிழை

சாரல் காலத்தில் கட்டுரை திருத்துவது தொல்லை பிடித்த வேலை, இன்ஸ்பெக்டர். காகிதம் ஈரம் வாங்கி, சிவப்பு மை ஊறிப் பரவிவிடும். ஆனாலும் விடுமுறையில் தென்காசி வீட்டுக்கு எந்த மாணவன் தேடி வந்தாலும் நான் மறுத்ததில்லை. இருபத்திரண்டு வருடம் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தவன்.

சங்கரபாண்டி ராயகிரிக்காரன், பி.ஏ. மாணவன். தகப்பன் இல்லை. தாய் குருவம்மாள் வயல் வேலை செய்து படிக்க வைத்தாள். போன வருடம், 1936 ஜூனில், வகுப்புத் தோழன் மசூதோடு குற்றாலத்துக்குக் குளிக்கப் போனான். பாறை வழுக்கி, அருவி விழும் பொங்குமாங்கடல் பள்ளத்தில் மசூது விழுந்தான். இவனும் குதித்து, பின்னாலிருந்து கழுத்தைச் சுற்றிப் பிடித்துத் தூக்கப் பார்த்தான். மசூது பிழைக்கவில்லை. கழுத்தில் விரல் தடம் இருந்தது. முந்தின நாள் இருவரும் சண்டை போட்டதைப் பார்த்தவர்களும் இருந்தார்கள்.

மறுநாள், நடந்ததை எழுதிய ஒரு தாளோடு என்னிடம் வந்தான்.

"சார், மாஜிஸ்டிரேட் துரைக்கு இங்கிலீஷ்ல எழுதிக் கொடுத்தா நேரா வாசிப்பாருன்னு ஏட்டையா சொல்லுதாரு. தப்பு இருந்தா திருத்தித் தாங்க சார்."

பன்னிரண்டு பிழைகள். பதினொன்று சாதாரணமானவை. பன்னிரண்டாவதில் விரலை வைத்து, என்ன சொல்ல வருகிறாய் என்று கேட்டேன்.

"உயிர் போற வரைக்கும் அவன் கழுத்த நான் விடல சார். எப்படியும் காப்பாத்திரலாம்னு பிடிச்சுக்கிட்டே கிடந்தேன்."

அதைச் சொல்லுக்குச் சொல் ஆங்கிலமாக்கியிருந்தான். அந்தக் கொச்சையிலேயே விட்டிருந்தால், துரை குழம்பிப்போய் மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிட்டிருப்பார். நான் சுத்தமாக எழுதினேன்: 'ஐ டிட் நாட் லெட் கோ ஆஃப் ஹிஸ் நெக் அன்டில் ஹீ வாஸ் டெட்.' வெள்ளைக்காரன் காதில் அதற்கு ஒரே பொருள்தான்: சாகும் வரை நெரித்தேன். குதித்தேன், பிடித்தேன் என்று எழுதியிருந்தானே தவிர, காப்பாற்ற என்ற சொல் அவன் தாளில் இல்லை. இல்லாததைச் சேர்ப்பது என் வழக்கமல்ல.

"இப்பதான் சார் இங்கிலீஷ் மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டு, என் எதிரிலேயே உட்கார்ந்து படியெடுத்தான்.

அதே வருடம் ஜனவரியில், பிரின்ஸ்பால் என் வகுப்பில் உட்கார்ந்திருந்தபோது, நான் சொன்ன வாக்கியத்தில் பிழை கண்டு இவன் எழுந்து, "'டிஸ்கஸ்'க்குப் பிறகு 'அபௌட்' வராதுல்லா சார்" என்றான். நாற்பது பேர் சிரித்தார்கள். பிரின்ஸ்பாலும் சிரித்தார். பழி வாங்க நினைத்தேன் என்று சொல்ல மாட்டேன். அதற்குப் பிறகு அவன் முகம் நினைவுக்கு வராமல் ஒரு வேளைகூடச் சோறு இறங்கவில்லை, அவ்வளவுதான்.

அந்தத் தாளை வைத்தே கொலை வழக்குப் போட்டார்கள். செஷன்ஸ் கோர்ட்டில் அவன் தமிழில் எவ்வளவோ சொன்னான். இத்தனை தெளிவாக ஆங்கிலம் எழுதுகிறவன் பொருள் தெரியாமல் எழுதியிருக்க மாட்டான் என்றார் ஜட்ஜ். என்னையும் கூப்பிட்டு விசாரித்தார்கள். இலக்கணம் என்னுடையது, பொருள் அவனுடையது என்றேன். கூண்டிலிருந்து என்னைக் கும்பிட்டான். அப்போதும் அவனுக்குப் புரியவில்லை. போன வாரம் தூக்கிலிட்டார்கள்.

முந்தாநாள் குருவம்மாள் வந்தாள்.

"அந்தத் தாள்ல எம்மவன் என்னதான் சார் எழுதியிருந்தான்?"

தமிழில் சொன்னேன்.

"இதத்தான சார் நானும் சொல்லுதேன். கடைசி வரைக்கும் அவன விடல. இதுக்கா எம்புள்ளயக் கொன்னாவ?"

ஆங்கிலத்தில் அதற்கு வேறு பொருள் என்றேன். எழுதும்போதே எனக்கு அது தெரியும் என்றும் சொன்னேன். அவள் அழவில்லை. நேராக உங்களிடம் வந்திருக்கிறாள்.

தெரிந்தே செய்தேன், அதை எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். கொன்றேன் என்று மட்டும் எழுதாதீர்கள். திருத்தினேன் என்பதுதான் சரியான சொல்.