நாற்பத்தோரு வலைகள்

ஈரப் புல்லில் செருப்போடு நடக்க எனக்கு எப்போதும் மனம் வராது. அன்று காலையும் கழற்றி மதிலோரம் ஜோடியாக வைத்துவிட்டுத்தான் இறங்கினேன். நீங்கள் முதலில் கண்டெடுத்ததும் அதைத்தானே, இன்ஸ்பெக்டர்.

உயிரியல் அருங்காட்சியகத்தில் பதினெட்டு வருடமாகப் பாட்டில்களுக்குச் சீட்டு எழுதுகிறேன். யாராவது ஒரு சிலந்தியைப் பிடித்து வருவார்கள். என்ன வகை, எங்கே குடியிருக்கும் என்று நான் சொல்வேன். நான் ஒட்டினால் ஒட்டினதுதான்.

கட்டடத்தின் பின்புறம் முழங்கால் உயரப் புல். அதில் புனல்வலைச் சிலந்திகள். பனி காயாத காலையில் பார்க்க வேண்டும். புல் நுனிகளின் மேல் கைக்குட்டை விரித்த மாதிரி வலை. ஒரு மூலையில் புனலாகக் குறுகி உள்ளே போகும். பசை கிடையாது. சிலந்தி புனல் வாயில் கம்மென்று உட்கார்ந்திருக்கும். மேலே ஏதாவது அசைந்தால் ஒரே பாய்ச்சல், ஒரு கடி, உள்ளே இழுத்துக்கொள்ளும். மனிதரை ஒன்றும் செய்யாது. மொத்தம் நாற்பத்தோரு வலைகள்.

என் மனைவியின் அண்ணன் அங்கே புல் வெட்ட வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. நல்ல மனிதர். என்னைப் 'பூச்சி மாப்பிள்ளை' என்பார். அதை நான் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

போன வாரம் காட்சிக்கூடத்தில், காப்பாளருக்கு முன்னால், ஒரு பாட்டிலைத் தூக்கிப் பார்த்தார்.

"ஓநாய்ச் சிலந்தின்னு போட்டிருக்கீங்களே மாப்ளே. இது நம்ம புல்லுல வலை கட்டிக் காவல் காக்குற ஆளுல்ல? பின்னாடி பாருங்க, வால் மாதிரி ரெண்டு நீட்டிக்கிட்டு இருக்கு. ஓநாய்க்கு அது வெளிய தெரியாதே."

அவை நூல் நூற்கும் உறுப்புகள். காப்பாளர் லென்ஸை வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இந்தப் பாட்டில்ல பன்னெண்டு வருஷமா ஆள் மாறாட்டம் பண்ணியிருக்கோம்யா." எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இது வழக்குக்குச் சம்பந்தமில்லாதது, கேட்டதால் சொல்கிறேன்.

விஷயம் புல்தான். அன்று காலை பின்புறத்தை மொட்டையடிக்க உத்தரவு. இயந்திரம் நாற்பத்தோரு வீட்டையும் கால் மணி நேரத்தில் அரைத்துவிடும். வேறு வழியே இல்லை.

நான் போனபோது அவர் குனிந்து குச்சி நட்டுக்கொண்டிருந்தார்.

"வாங்க மாப்ளே. வலை இருக்கிற பக்கம் பூரா விட்டுடலாம்னு காப்பாளர்கிட்ட சொல்லிட்டேன். இந்தக் குச்சிக்கு அந்தண்ட மெஷின் போகாது. உங்க புள்ளைங்க பொழச்சுப் போகட்டும்."

மண்வெட்டி என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

"ஆமா, அந்தச் சீட்டை மாத்திட்டீங்களா?" என்று கேட்டபடியே நிமிர்ந்தார்.

முதல் அடி காதுக்கு மேல் விழுந்தது. முழங்காலிட்டார். "மாப்ளே, தங்கச்சி..." என்று ஏதோ சொல்ல வந்தார், வாய் இருந்த இடத்தில் அடுத்தது. மூன்று அடி என்றுதான் நினைத்திருந்தேன். பிரேதப் பரிசோதனை டாக்டர் பதினேழு என்கிறார். படித்தவர், சரியாகத்தான் இருக்கும்.

பிறகு கணுக்காலைப் பிடித்து வேலிக்குப் பின்னாலுள்ள கழிவுநீர்க் குழாய்க்கு இழுத்துப் போனேன். தலையிலிருந்து வடிந்த ரத்தம் புல்லெல்லாம் தெரிந்தது. ஆள் கனம். நேராக இழுத்திருந்தால் ஐந்து நிமிடம். எனக்கு அரை மணி ஆயிற்று.

உங்கள் ஏட்டையா சொன்னாராமே. "பொணத்தை இழுக்கிறவன் நேராப் போவான். இவன் ஏன் சார் வளைஞ்சு வளைஞ்சு போயிருக்கான்?" நீங்கள் குனிந்து பார்த்திருக்கிறீர்கள். ரத்தத் தடத்துக்கு இரு பக்கமும் வலைகள், ஒன்றுகூடக் கிழியவில்லை. இந்த ஊரில் அப்படி நடப்பவன் ஒருவன்தான் என்று காப்பாளர் சொல்லிவிட்டார். அதில் எனக்கு வருத்தமில்லை. ஓர் உயிருக்கும் தீங்கு நினைக்காதவன் மாட்டிக்கொள்ளத்தான் செய்வான்.

கொன்றது நான்தான். காரணம் என்ற இடத்தில் 'சிலந்திகளைக் காப்பாற்ற' என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அந்தப் பாட்டில் சீட்டைப் பற்றி மட்டும் எதுவும் எழுத வேண்டாம். அது ஓநாய்ச் சிலந்திதான்.